கம்பீரம் என்கிற எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்

பழைய புல்லட் ஒன்று வாங்கப் போகிறேன் என்று மதுரையில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். மைலேஜ் என்ன, ஸ்பேர் கிடைக்குமா, பிரேக் பிடிக்குமா என்று யாரும் முதலில் கேட்க மாட்டார்கள். "அதுல போனா அந்தக் கம்பீரமே தனிங்க" என்பார்கள். விற்கிறவர் சொல்வார், நடுவில் நிற்கிற புரோக்கர் சொல்வார், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவரும் சொல்வார். ஆர்.சி. புத்தகத்தைக் காட்டுங்கள் என்றால் பீரோவைத் திறந்து அரைமணி நேரம் தேடுவார்கள். கம்பீரம் மட்டும் கேட்காமலே கைக்கு வந்துவிடும்.

இந்தக் கட்டுரை அந்தச் சொல்லுக்கு எதிரானது. வண்டியோடு எனக்குச் சண்டை இல்லை. என்னிடமே 1996ஆம் வருட வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350 இருக்கிறது. பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு மதுரையில் உட்கார்ந்து கோட் எழுதுகிறவன் நான். ஆறு வருடமாக அழகர்கோயில் ரோட்டிலும், மேலூர் பக்கமும், பூவந்தி தாண்டி சிவகங்கை ரோட்டிலும் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஓட்டுவேன். ஆனால் அதோடு சேர்த்து எனக்குத் தரப்பட்ட கம்பீரம் அந்த வண்டியின் பாகம் இல்லை என்பது என் கட்சி. அது பின்னால் மாட்டிய எக்ஸ்ட்ரா ஃபிட்டிங். யார் மாட்டினார்கள், அதற்கான விலையை யார் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்காமல் பழைய புல்லட் வாங்குகிறவன், ஒரு பழைய அதிகாரத்தையும் சேர்த்தே தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறான்.

*

முதலில் இரும்பைப் பார்ப்போம்.

அந்த எஞ்சின் 346 சிசி. பிஸ்டனின் விட்டம் 70 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக் நீளம், உள்ளே இருக்கிற ஃப்ளைவீல் கனம், அதனால் எஞ்சின் பைய்யத்தான் சுற்றும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு. இப்படி மெதுவாகச் சுற்றுகிற ஒற்றை சிலிண்டரில் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. நாம் உருகுகிற அந்த 'டுப்... டுப்...' இவ்வளவுதான். கம்பெனி சொன்ன திறன் 18 குதிரை. இன்றைக்குக் கல்லூரிப் பையன்கள் ஓட்டுகிற 160 சிசி வண்டிகள் கிட்டத்தட்ட அதே திறனை, பாதிக்கும் குறைவான சிலிண்டரில் தருகின்றன. அமெரிக்கக் கணக்கில் இதை க்ரூஸர் என்று சொல்லவும் முடியாது. தாழ்ந்த சீட்டும் நீண்ட உடம்பும் கொண்ட வண்டிக்குத்தான் அங்கே அந்தப் பெயர். நம் ஊர் மார்க்கெட்தான் புல்லட்டை அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது.

ஸ்டார்ட் பண்ணுவதைப் பாருங்கள். செல்ஃப் கிடையாது. கிக்கரை மெதுவாக அமுக்கி, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா என்று கவனிக்க வேண்டும். டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். லீவரை விட்டுவிட்டு, அதன்பிறகுதான் ஒரே மிதி. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. புது வண்டிப் பழக்கத்தில் மாட்டுத்தாவணி நெரிசலில் வலது காலை அமுக்கினால் வண்டி நிற்காது, கியர்தான் மாறும். முன்னாலும் பின்னாலும் டிரம் பிரேக். பஸ் குறுக்கே வரும் என்பதைப் பஸ் டிரைவருக்கு முன்பே நாம் யோசித்து வைத்திருக்க வேண்டும்.

பாயிண்ட் இடைவெளி, கண்டென்சர், டேப்பெட், கிளட்ச் கேபிள் என்று மாதம் ஏதாவது ஒன்று கையைக் கேட்கும். ஆயில் கசியவில்லை என்றால் ஆயிலே இல்லை என்று அர்த்தம் என்பது புல்லட்காரர்களின் பழைய ஜோக், பாதி உண்மையும்கூட. இந்த இயந்திரம் தன்னை ஓட்டுகிறவனிடம் கேட்பது பொறுமை, காது, கொஞ்சம் பணிவு. தினமும் காலையில் அதன் முன்னால் குனிந்து முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் ஏற முடியும். இதில் ராஜா எங்கே இருக்கிறார்?

*

ராஜா பெயரில் இருக்கிறார். இங்கிலாந்தில் கம்பெனி 1893லேயே 'ராயல் என்ஃபீல்டு' என்ற பெயரை எடுத்துக்கொண்டது. அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்துகொடுத்த பெருமையில் 'துப்பாக்கி போலச் செய்யப்பட்டது' என்பதை விளம்பர வாசகமாக வைத்தது, சின்னத்தில் பீரங்கியைப் போட்டது. 1932இல் வந்த மாடலுக்குத் தோட்டா என்றே பெயர் வைத்தது. பேரரசு, துப்பாக்கி, பீரங்கி, தோட்டா: ஒரு மோட்டார் சைக்கிளுக்கு இத்தனை ஆயுதம்.

இந்தியாவுக்கு அது வந்த வழியும் அதேதான். 1950களின் தொடக்கத்தில் நம் இராணுவம் எல்லைக் காவலுக்காக வாங்கியது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. 1956இல் திருவொற்றியூர் தொழிற்சாலை திறந்து, அந்த வருட முடிவுக்குள் 163 புல்லட்டுகள் வெளியே வந்தன. பிறகு போலீஸ். லைசென்ஸ் ராஜ் காலத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் புல்லட், ஜாவா, ராஜ்தூத் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம், அவற்றில் புல்லட்தான் பெரிய வண்டி. அரசாங்கம் போக மீதி யாரிடம் போயிருக்கும் என்று ஊகிக்க ஆராய்ச்சி வேண்டாம். வைகைப் பாசனத்து ஊர்களில் பெரியவர்களைக் கேட்டால் ஒரே பட்டியலைத்தான் சொல்வார்கள்: இன்ஸ்பெக்டர், ரைஸ்மில் முதலாளி, சாராயக் காண்டிராக்டர், பெரிய வீட்டுப் பிள்ளை. வண்டி வருவதற்கு முன்னால் சத்தம் வரும். சத்தம் வந்ததும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிலர் எழுந்து நிற்பார்கள்.

அந்த எழுந்து நிற்றலைத்தான் நாம் கம்பீரம் என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். எழுந்து நின்றவர்களைக் கேட்டால் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள்.

கம்பீரம் இரும்பிலேயே இருக்கிறது என்று இன்னும் வாதாடுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது, யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தது. ஜனங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். என்ஃபீல்டு நொடித்தது. 1994இல் ஐஷர் குழுமத்தின் கைக்கு முழுதாகப் போனது. 2000 வாக்கில் மாதம் 6,000 வண்டி செய்யக்கூடிய இடத்தில் சுமார் 2,000தான் விற்றது, கம்பெனியை மூடிவிடலாமா என்றே பேச்சு இருந்தது. எஞ்சின் அதே எஞ்சின், 70க்கு 90. சத்தமும் அதே சத்தம். அப்போது மட்டும் கம்பீரம் எங்கே போயிருந்தது? "பெட்ரோல் குடிக்குதுப்பா" என்று சொல்லி வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்களே, ஏன்?

2009இல் புது எஞ்சினோடு 'கிளாசிக்' வந்தது. பழைய தோற்றம், புதிய சௌகரியம், கூடவே பெரிய விளம்பரம். அது ஓடியதும் வார்ப்பிரும்பு வண்டிகளின் விலையும் ஏறியது. வாழை நாருக்கு நடுவில் தொழுவத்தில் கிடந்த வண்டியைக் கழுவி, டேங்க்கில் தங்கக் கோடு போட்டு, "ஒரிஜினல் சார், அந்தக் காலத்து இரும்பு" என்று லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள். புது வண்டிக்காகச் செய்த விளம்பரத்தின் எச்சம்தான் பழைய வண்டிமேல் இருக்கும் இந்த மினுமினுப்பு.

*

இதுவரை சொன்னது வெறும் சந்தைக் கதை என்றால் எனக்கும் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ஏமாறுகிறவன் ஏமாறட்டும் என்று விட்டுவிடலாம். விட முடியாததற்குக் காரணம் நான் ஓட்டுகிற அதே சமவெளியில் இருக்கிறது.

2025 பிப்ரவரி. சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூர். கல்லூரியில் படிக்கும் ஒரு தலித் மாணவர் புல்லட்டில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது மூன்று பேர் வழிமறித்து வெட்டினார்கள். வெட்டு விழுந்தது கைகளில். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் சேர்த்தார்கள். இந்தச் சாதியில் பிறந்துவிட்டு எங்கள் முன்னால் புல்லட் ஓட்டுவாயா என்று கேட்டே வெட்டினார்கள் என்பது புகார். மூவரும் கைதானார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு. குற்றத்தையும் காரணத்தையும் நீதிமன்றம் தீர்மானிக்கும், அதற்குள் நான் போகவில்லை. நான் கவனித்தது வேறு. அந்தச் செய்தியைப் பற்றி நான் பேசிய தென்மாவட்டத்துக்காரர் ஒருவர்கூட "ஒரு வண்டிக்காகவா? நம்ப முடியலையே" என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் உடனே புரிந்தது. விளக்கம் தேவைப்படவில்லை. பெங்களூரில் இருக்கும் என் டீம்காரர்களுக்கு நான் பத்து நிமிடம் விளக்க வேண்டியிருந்த விஷயம், மேலூர் டீக்கடையில் ஒரு தலையசைப்பில் முடிந்தது.

ஏன் உடனே புரிந்தது? கம்பீரம் என்பது எண்ணிக்கை வரம்புள்ள பொருள் என்று நம் எல்லோருக்கும் உள்ளூரத் தெரியும். எல்லோரிடமும் இருந்தால் அது கம்பீரம் இல்லை. வடக்கே குதிரைக்கு என்ன மதிப்போ அதுதான் இங்கே புல்லட்டுக்கு. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் தலித் மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம் போகப் போலீஸ் பாதுகாப்பு கேட்க வேண்டியிருக்கிறது. குதிரை அங்கே வெறும் மிருகமாக இருந்தால் யாரும் கல்லெறிய மாட்டார்கள். குதிரைமேல் ஏற்றி வைத்திருக்கும் சொல்தான் கல்லைக் கையில் எடுக்க வைக்கிறது. "புல்லட்ல போறவன் ஒரு ஆளுடா" என்று நாம் சந்தோஷமாகச் சொல்கிற ஒவ்வொரு முறையும், யார் 'ஆள்' இல்லை என்கிற பட்டியலையும் சேர்த்தே வாசிக்கிறோம்.

என்னை ஆறு வருடத்தில் எந்த ஊரிலும் யாரும் நிறுத்தி, "நீ எப்படி இதுல வர்ற?" என்று கேட்டதில்லை. வழி கேட்டு நின்றால் மோர் கொடுத்திருக்கிறார்கள். அது என் வண்டியின் ராசி கிடையாது. அந்த ஊர்களில் நான் யார் என்பதைச் சில நிமிடங்களில் கணித்துவிடுகிறார்கள், கணக்கு எனக்குச் சாதகமாக வருகிறது. கம்பீரம் என்று எனக்குக் கிடைப்பதெல்லாம் அந்தக் கணக்கின் மிச்சம்.

*

இரண்டு மறுப்புகள் வரும். இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலாவது: "ஒரு பைக்குக்குள்ள ஏங்க சாதியைக் கொண்டு வர்றீங்க?" நான் கொண்டுவரவில்லை. மதுரையில் எந்த சிக்னலிலும் நின்று முன்னால் இருக்கிற வண்டிகளைப் பாருங்கள். ஆண்ட பரம்பரை என்று ஸ்டிக்கர், தலைவர் படம், நம்பர் பிளேட்டில் நம்பரைவிடப் பெரிதாகச் சாதிப் பட்டம், ஹேண்டில்பாரில் இரண்டு நிறக் கயிறு. நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவன் ஒருவனை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியபிறகு, அரசு நீதிபதி சந்துருவை ஒருநபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில் மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்ற பரிந்துரை எல்லோருக்கும் தெரியும். அதே அறிக்கை சாதி அடையாளம் தீட்டிய சைக்கிளில் வரக் கூடாது என்றும் சொல்கிறது. பதின்மூன்று வயதுப் பையனின் சைக்கிளுக்கே சாதி இருக்கிறது என்று ஒரு முன்னாள் நீதிபதி எழுத வேண்டிய நாட்டில், அவனுடைய மாமாவின் புல்லட் மட்டும் சாதி தெரியாத இரும்பா?

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. "கம்பீரம் மறுக்கப்பட்டவன் இப்போதுதான் அதை எடுக்க வருகிறான். இந்த நேரம் பார்த்து கம்பீரமே வேண்டாம் என்கிறாயா?" இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். அம்பேத்கரின் கோட்டு சூட்டைப் பார்த்து எளிமை போதித்தவர்களுக்கு இந்த நாட்டில் பஞ்சமே இருந்ததில்லை. கடன் வாங்கி, தவணை கட்டி, தன் தெருவிலிருந்து முதல் புல்லட்டை ஊருக்குள் ஓட்டிப் போகிற பையனிடம் போய் "தம்பி, இது வெறும் 346 சிசி" என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அவன் ஹாரனை நன்றாகவே அடிக்கட்டும். விட்டுக்கொடுக்கச் சொல்வது, அதை இலவசமாகப் பெற்றுக்கொண்டவர்களிடம் மட்டும்தான். தாத்தாவின் புல்லட்டைப் புதுப்பித்து, அதன் முன்னால் மீசையை முறுக்கிப் படம் எடுத்து 'லெகசி' என்று போடுகிற என் நண்பர்களிடம். தாத்தா அந்த வண்டியில் எந்தத் தெருவுக்குள் போனார், எதற்குப் போனார், அங்கே இருந்தவர்கள் அவரைப் பார்த்ததும் துண்டை என்ன செய்தார்கள் என்று கேட்காத என் தலைமுறையிடம்.

*

வண்டி என்பது விடுதலையாகவும் இருக்க முடியும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தது. அப்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், கேலியைத் தாங்கிக்கொண்டு, பெடல் மிதித்தார்கள். தண்ணீருக்கும் சந்தைக்கும் போக யார் தயவும் வேண்டியிருக்கவில்லை. அந்த சைக்கிளைப் பார்த்து யாரும் எழுந்து நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்று அந்தப் பெண்களும் கேட்கவில்லை.

மதுரைக்கு இன்னும் நெருக்கமான சாட்சி மொபெட். டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் மதுரையில் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்தவர்கள் 1980இல் டிவிஎஸ் 50ஐ விட்டார்கள். அதன் வாரிசான எக்ஸ்எல், விடியற்காலையில் மல்லிகைப்பூ மூட்டையை ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வருகிறது. வாழைத்தார், கேஸ் சிலிண்டர், புல்லுக்கட்டு, ஒரு குடும்பமே ஏறினாலும் முனகாமல் போகிறது. இந்தச் சமவெளியை உண்மையில் மாற்றிய மோட்டார் வண்டி எது என்று கேட்டால் நான் எக்ஸ்எல்லைத்தான் சொல்வேன். அதைப் பற்றி யாரும் கம்பீரம் என்று சொன்னதில்லை. எல்லோர் கையிலும் கிடைக்கிற வண்டி அது.

என் புல்லட்டைப் பார்க்கிற மெக்கானிக் அண்ணன் எக்ஸ்எல்தான் ஓட்டுகிறார். பதினோரு வயதில் பட்டறைக்கு வந்தவர். முப்பத்தைந்து வருடத்தில் எத்தனை புல்லட் பிரித்திருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. சொந்தமாக ஒன்று வாங்கியதில்லை. "ஏண்ணே?" என்றேன். "எல்லாருட்டும் இருக்குற வியாதி எனக்குத் தெரியும் தம்பி, நான் எதுக்கு அதை வாங்கி வீட்ல வைக்கணும்" என்றார். டேப்பெட் கவரைத் திறந்து, எஞ்சின் ஆறியிருக்கும்போது புஷ்ராட் விரலுக்குச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது என்று என் விரலைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தவர் அவர். மேனுவலில் இருப்பதும் இதேதான். ஆனால் 'சுற்ற வேண்டும்' என்றால் எவ்வளவு என்பது அவர் விரலில்தான் இருக்கிறது. பழைய புல்லட்டைச் சுற்றி ஏதாவது மரியாதைக்குரியது உண்டென்றால் அது இந்த விரல். அந்த விரலுக்குப் பேரம் பேசாமல் கூலி கொடுக்கிறவர்கள் குறைவு. டேங்க் ஸ்டிக்கருக்கு இரண்டாயிரம் கொடுப்பவர்கள், பாயிண்ட் செட் பண்ண அவர் முந்நூறு கேட்டால் "என்னண்ணே இவ்வளவு சொல்றீங்க" என்பார்கள்.

*

ஆகவே, வாங்குங்கள். நன்றாகப் பார்த்து வாங்குங்கள். பட்டறைக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவருடைய அரை நாள் சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள். எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி.யோடு பொருந்துகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், தேய்த்து மறுபடி அடித்த எழுத்து கண்ணுக்குத் தெரியும். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இருபது வருடம் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 2,000 ரூபாயாக உயர்த்திவிட்டது. யாருடைய பெயரிலோ இருக்கிற வண்டியை 'அப்புறம் மாத்திக்கலாம்' என்று எடுக்காதீர்கள். எஞ்சினைச் சூடாகாமல் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள், நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள்.

வாங்கியபிறகு ஒன்றே ஒன்று செய்யுங்கள், சைலன்சரைத் தொடாதீர்கள். இந்தக் கம்பீர வியாபாரத்தின் குட்டு உடைகிற இடம் அதுதான். கம்பீரத்துக்காகப் பழைய புல்லட் வாங்குகிறவர்கள் முதல் வாரத்தில் செய்வது, கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, உள்ளே தடுப்பில்லாத குழாயை மாட்டுவது. அந்த எஞ்சினின் சொந்தக் குரல் அவர்களுக்குப் போதவில்லை. அது அவ்வளவு சத்தமாக யாரையும் பயமுறுத்துவதில்லை. தடுப்பை எடுத்ததும் கார்புரேட்டர் கணக்கு கெடுகிறது, வண்டி காய்கிறது. ஆர்.சி.யில் உள்ளபடி இல்லாமல் வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு விரோதம் என்பது தனி. பிறகு ராத்திரி பதினொரு மணிக்கு, எல்லோரும் தூங்குகிற காலனித் தெருவில், முறுக்கிக்கொண்டு போகிறார்கள். எந்தத் தெருக்களை அதிகம் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று அந்தத் தெருக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கம்பெனி சைலன்சர் போட்ட, டேப்பெட் சரியாக இருக்கிற, ஸ்டிக்கர் இல்லாத பழைய புல்லட் ஊருக்குள் வந்தால் குழந்தைகள் திரும்பிப் பார்ப்பார்கள், நாய் ஒன்று கொஞ்ச தூரம் துரத்தும். பெஞ்சில் இருக்கிறவர்கள் உட்கார்ந்தபடியே இருப்பார்கள். அப்படி உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்து உங்களுக்கு ஏதோ குறைகிற மாதிரித் தோன்றினால், வண்டியைக் கொடுத்துவிடுங்கள். மெக்கானிக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற பையன்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.